உப்புக் காற்றடிக்கும் ஊரில் கேமிங் லேப்டாப்: சூட்டைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

"அண்ணே, ஆரம்பிச்ச பத்து நிமிஷம் நல்லாத்தான் ஓடுது. அப்புறம் படம் நின்னு நின்னு வருது. ஃபேன் சத்தம் வள்ளத்து இன்ஜின் கணக்கா கேக்குது."

போன சித்திரையில் பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். அடிப்பக்கம் இன்னும் சுட்டது. மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு கூலிங் பேட் பார்த்து வைத்திருக்கிறான், வாங்கலாமா என்று கேட்கத்தான் வந்தான். பொறுடா என்று சொல்லி லேப்டாப்பைத் திருப்பி, பின்பக்கக் காற்றுவழியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். சூட்டை வெளியே விடுகிற செம்புத் தகடுகள் தெரியவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் மூவாயிரம் ரூபாய் ஃபேனை வைத்து என்ன பயன்?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இங்கே லேப்டாப் வைத்து கேம் ஆடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: முதலில் அளந்து பாருங்கள், பிறகு லேப்டாப்பின் வேலையைக் குறையுங்கள், பிறகு தூசியை எடுங்கள், காசு செலவழிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் கூலிங் பேட் இப்போது பரணில் கிடக்கிறது.

நம் கடற்கரையில் என்ன பிரச்சினை

வெயிலைக் குறை சொல்லாதீர்கள். வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிற நாளில்கூட நம் கரையோரத்தில் பெரும்பாலும் 35-ஐ ஒட்டித்தான் நிற்கும். கடல் அந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது. ஆனால் அதே கடல்தான் உப்பையும் ஈரத்தையும் சேர்த்து அனுப்புகிறது.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அடுப்படியில் உப்பு ஜாடி விடிகாலையில் பிசுபிசுப்பதைப் பார்த்திருப்பீர்கள். லேப்டாப்புக்குள் போன உப்புத் தூசியும் அதைத்தான் செய்கிறது. இரவில் ஈரமாகி ஒட்டும், பகலில் கேம் ஆடும்போது காய்ந்து இறுகும். மறுநாள் அதன் மேல் இன்னொரு படலம் ஏறும். உள்நாட்டுக்காரர் ஒருவரின் லேப்டாப்பில் இருப்பது ஊதினால் பறக்கும் தூசு என்றால், நம்முடையதில் இருப்பது பூசிய சாந்து. அதோடு ஈர உப்பு மின்சாரத்தையும் கடத்தும். செம்பில் பச்சை பூக்க வைக்கும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துருதான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது. இரும்புப் பாலத்தையே அரிக்கிற காற்றுக்கு நகக்கனத் தகடுகள் எம்மாத்திரம்!

இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் மணல், வாலிநோக்கம் பக்கம் உப்பளம், சாயல்குடி, கமுதி போகிற வழியில் கருவேலக் கரிமூட்டம். கரித்தூளும் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தலாம் என்பதால் மூட்டம் போடுகிற காட்டுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

கீபோர்டைத் தொட்டுப் பார்த்து "ரொம்பச் சூடு" என்று முடிவு கட்டாதீர்கள். கை சொல்வது வேறு, சிப் சொல்வது வேறு. எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டு 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான பட்டியலைப் பார்த்து மிரளவேண்டாம். பிராசஸரின் வெப்பநிலை, கிராஃபிக்ஸ் சிப்பின் வெப்பநிலை, சூட்டால் சிப் வேகத்தைக் குறைக்கிறதா என்று சொல்லும் 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரி, இந்த மூன்றும் போதும். எதையும் இறக்க மனமில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் தனி கிராஃபிக்ஸ் சிப்பின் வெப்பநிலையை மட்டுமாவது பார்க்கலாம்.

வழக்கமாக ஆடும் கேமை வழக்கமான இடத்தில் 20 நிமிடம் ஆடிவிட்டு எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அறையில் அப்போது எவ்வளவு சூடு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இது முக்கியம். லேப்டாப் ஃபேன் அறைக்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட பத்து டிகிரி ஏறும். மத்தியானம் எடுத்த எண்ணையும் ராத்திரி எடுத்த எண்ணையும் ஒப்பிட்டு, "கூலிங் பேட் வேலை செய்யுது" என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

எண்களை எப்படிப் படிப்பது? கேமிங் லேப்டாப்பில் பிராசஸர் 80-லிருந்து 90 வரை போவது சாதாரணம். கிராஃபிக்ஸ் சிப் 70-லிருந்து 80-க்குள் இருந்தால் நல்லது. பல இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டியும், பல ஏஎம்டி பிராசஸர்கள் 95-ஐ ஒட்டியும், என்விடியா லேப்டாப் சிப்கள் பெரும்பாலும் 87-ஐ ஒட்டியும் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தம்பி சொன்ன "நின்னு நின்னு வருது" இதுதான். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால் லேப்டாப் சட்டென்று அணைந்துபோகும். அதனால் சூட்டில் சிப் உடனே எரிந்துபோய்விடும் என்று பயப்படவேண்டாம். ஆனால் தினமும் எல்லைக்கோட்டில் ஓட்டினால் ஃபேன், பேட்டரி, சிப்பின் மேல் பூசிய சூடு கடத்தும் பேஸ்ட் எல்லாம் சீக்கிரம் தேயும்.

தம்பியின் தாளில் முதல் வரி: அறை 34, பிராசஸர் 98, கிராஃபிக்ஸ் 86, த்ராட்லிங் 'யெஸ்'.

உட்காரும் இடம்

பெரும்பாலான லேப்டாப்கள் அடிவயிற்றில் காற்றை இழுத்துப் பின்னாலும் பக்கவாட்டிலும் விடுகின்றன. பாய், மெத்தை, தலையணை, மடி எதில் வைத்தாலும் மூக்கைப் பொத்தியது மாதிரிதான். வெறும் தரை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சிமென்ட் தரையில் வைப்பவர்கள், தரையோரக் காற்றில்தான் மணலும் முடியும் அதிகம் ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டூலோ மேசையோ போதும். பின்பக்கக் கால்களுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் மூடிகளை இரண்டு இரண்டாக அடுக்கி, ஓரிரு விரல்கடை உயர்த்துங்கள். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தம்பிக்கு இதிலேயே நாலு டிகிரி இறங்கியது. செலவு: நாலு தண்ணீர் பாட்டில்.

அடுத்தது ஜன்னல். கடலைப் பார்த்த ஜன்னலோரம் காற்று நன்றாக வரும், ஆடும் நமக்கு சுகம்தான். லேப்டாப்புக்கு அதுதான் கெட்ட இடம், முக்கியமாக ஆடி மாதக் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிற நாட்களில். எதிர்ச்சுவர் ஓரமாக உட்காருங்கள். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளில் மத்தியானம் சீலிங் ஃபேனைப் போட்டால் அது கூரைச் சூட்டைத்தான் கீழே தள்ளும். அந்த நேரத்தில் டேபிள் ஃபேன் நல்லது. மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை ராத்திரி ஒன்பது, பத்து மணி வரை வாங்கிய வெயிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பெரிய கேம்களை அதற்குப் பிறகோ விடியற்காலையிலோ வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை என்றால் வீட்டில் வேறு பிரச்சினை வரும், அது உங்கள் பாடு.

ஏசி அறையில் ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 22 டிகிரியில் குளிர்ந்துகிடந்த லேப்டாப்பை அப்படியே வெளியே திண்ணைக்குக் கொண்டுவந்தால், கோடையின் ஈரக்காற்றில் அது வியர்க்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது மாதிரி, உள்ளேயும் சேர்த்து. பைக்குள் மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எடுத்து ஆன் செய்யுங்கள். ஈரத்துணி, ஐஸ் பொட்டலம், ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் மாதிரியான வைத்தியங்கள் எதுவும் வேண்டாம்.

வேலையைக் குறையுங்கள்

சிப் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறதோ அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். ஆகவே சூட்டைக் குறைக்க மிகச் சுலபமான வழி, தேவையில்லாத வேலையைக் கொடுக்காமல் இருப்பது.

முதல் காரியம் ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டவே முடியாது. ஆனால் வரம்பு போடாவிட்டால் லேப்டாப் 150, 200 என்று வரைந்து தள்ளிக்கொண்டே இருக்கும். வேலரண்ட் போன்ற லேசான கேம்களில் சும்மா மெனுவில் நிற்கும்போதுகூட ஃபேன் அலறுவதற்குக் காரணம் இதுதான். அந்த கேமின் வீடியோ செட்டிங்கில் மெனுவுக்குத் தனியாக, மொத்தத்துக்குத் தனியாக வரம்பு போட இடம் இருக்கிறது. கேமில் இல்லாவிட்டால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' என்று இருக்கும். திரை 144 ஹெர்ட்ஸாக இருந்தாலும் கதையோடு போகிற கேம்களுக்கு 60 தாராளம். சண்டை கேம்களுக்கு 90 வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பிராசஸரின் டர்போவை, அதாவது வழக்கத்தைவிட வேகமாக அது பாய்வதை, நிறுத்துவது. இது பலருக்குத் தெரியாது, பலனோ அதிகம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் நீங்கள் பயன்படுத்தும் பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங், அதற்குள் 'பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்', அதில் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்'. 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். பெரும்பாலான லேப்டாப்களில் அந்த ஒன்று, டர்போ வேகத்தை அடியோடு நிறுத்திவிடும். கிராஃபிக்ஸ் சிப்பை நம்பி ஓடும் கேம்களில் இதனால் பெரிதாக வேகம் குறையாது. பிராசஸரை நம்பி ஓடுபவற்றில் குறையும். இரண்டு நாள் ஆடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சில லேப்டாப்களில் இந்த வரியே கண்ணில் படாது. அப்படியானால் லேப்டாப்போடு வந்த மென்பொருளில் டர்போ, பெர்ஃபார்மன்ஸ் மோடை விட்டு பேலன்ஸ்டுக்கு மாறுங்கள்.

நிழல், பிரதிபலிப்பு இரண்டையும் ஒரு படி இறக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் நிழலை எண்ணுவதில்லை. பின்னால் திறந்துகிடக்கும் பிரவுசரை மூடுங்கள். எப்போதும் சார்ஜரில் செருகியே ஆடுபவர்கள், லேப்டாப் மென்பொருளில் பேட்டரி சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடுதட்டும். சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கிற அண்டர்வோல்டிங் பற்றி யாராவது சொல்வார்கள். நல்ல வித்தைதான், ஆனால் புதியவர்கள் இப்போதைக்கு அதைத் தொடவேண்டாம்.

ஃபிரேம் வரம்பும் 99-ம் போட்டபின் தம்பியின் தாளில் பிராசஸர் 82, கிராஃபிக்ஸ் 76. அறை அதே 34. இன்னும் தூசியில் கையே வைக்கவில்லை.

தூசி

நம் ஊரில் பாதி வைத்தியம் இதுதான். உள்நாட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை போதும் என்பார்கள். கடலோரத்தில் இரண்டு தடவை வேண்டும் என்பது என் கணக்கு. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் பங்குனியில் ஒன்று, காற்றுக்காலம் ஓய்ந்தபின் புரட்டாசியில் ஒன்று.

திறக்காமல் செய்யக்கூடியது முதலில். லேப்டாப்பை முழுதாக ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, ஆறவிடுங்கள். ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி, அடியிலும் பின்னாலும் உள்ள துளைகளை மெதுவாகத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த கம்ப்ரஸரில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தே வரும், அழுத்தமும் ஃபேன் இறக்கையை உடைக்கிற அளவுக்கு இருக்கும்.

ஆனால் வெளியே துடைப்பதால் அந்தக் கம்பளி போகாது. அது ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில், உள்பக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து ஊதினால் இன்னும் உள்ளேதான் தள்ளுவோம். மூடியைத் திறந்தாகவேண்டும். வாரன்டி இருந்தால் முதலில் அதன் விதியைப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். நீங்களே திறப்பதென்றால் உங்கள் மாடலின் பெயரைப் போட்டு, திறக்கும் வீடியோ ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கோடாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்குரூக்களில் நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமானதைக் குட்டை இடத்தில் திருகினால் மேலே கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். மூடியை நெம்ப ஸ்குரூ டிரைவரை நுழைக்காதீர்கள், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் முதல் வேலை, போர்டிலிருந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதற்குப் பிறகுதான் மற்றது.

ஃபேன் சுற்றாதபடி ஒரு பல்குத்தும் குச்சியை இறக்கைக்கு நடுவில் கொடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிடிக்காமல் பிரஷ்ஷாலும் கையில் அழுத்தும் ரப்பர் புளோயராலும் அடித்தால் சுற்றுகிற ஃபேன் தேயும், சின்ன டைனமோ மாதிரி மின்சாரத்தைப் போர்டுக்குத் திருப்பி விடவும் கூடும். கம்பளியை ஊதாமல் இடுக்கியால் பிடித்து உரியுங்கள். தம்பியுடையது ஒரே துண்டாக வந்தது, விரல் நீளத்துக்கு. கையில் பிசுபிசுத்தது. "ஐயே, இதுக்குள்ள பூனையா இருந்துச்சு?" என்றான். அவர்கள் வீட்டில் இரண்டு பூனை உண்டு. உப்போடு அதன் முடியும் சேர்ந்துதான் அப்படி நெய்திருந்தது.

போர்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றினால் போய்விடும் என்பார்கள். அது எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது, உப்பை அவ்வளவாகக் கரைக்காது. அந்த வேலையைத் தெரிந்த டெக்னீசியனிடம் விடுங்கள்.

பேஸ்ட், பிறகு பேட்

தகடுகள் பளிச்சென்று இருந்தும், கேம் தொடங்கிய சில வினாடிகளிலேயே பிராசஸர் 95-ஐத் தொடுகிறதா? அப்போதுதான் தெர்மல் பேஸ்டைச் சந்தேகப்படவேண்டும். சிப்புக்கும் மேலே உட்காரும் செம்புத் தகட்டுக்கும் இடையில் சூட்டைக் கடத்துகிற பசை அது. இரண்டு மூன்று வருடத்தில் காயும், அல்லது சூடேறி ஆறி ஓரத்துக்குப் பிதுங்கிவிடும்.

முதல் தடவை கடையில் கொடுங்கள், ஆனால் பக்கத்திலேயே உட்காருங்கள். நான் ஒரு கடையில் கொடுத்துவிட்டுச் சாயந்திரம் போய் வாங்கிய லேப்டாப், போனபோது இருந்ததைவிட ஆறு டிகிரி கூடுதலாகச் சுட்டது. திறந்து பார்த்தால் பேஸ்ட் தோசைக்குச் சட்னி மாதிரி வழிந்துகிடந்தது, நான்கு ஸ்குரூவில் ஒன்று பாதிதான் திருகியிருந்தது. தகட்டில் ஸ்குரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். சிப் முழுவதும் மூடும்படி மெல்லிய படலம் போதும். ஒன்று மறக்காமல் கேளுங்கள்: சில விலை உயர்ந்த மாடல்களில் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். உங்கள் மாடலில் அது இருந்தால் சாதாரணக் கடையில் திறக்கவே விடாதீர்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் எண் இறங்காவிட்டால் கூலிங் பேட் வாங்கலாம். பேட்டின் ஃபேன் லேப்டாப்பின் காற்றுத் துளைக்கு நேர் கீழே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வந்தால் சில டிகிரி குறையும். வராவிட்டால் கலர் லைட்டுதான் மிச்சம். துளையில் நைலான் வலை, பழைய சாக்ஸ் கட்டுவது தூசியைத் தடுக்கும்தான். காற்றையும் தடுக்கும்.

தம்பி பேட் வாங்கவில்லை. தூசி எடுத்தபின் அவன் தாளில் பிராசஸர் 74, கிராஃபிக்ஸ் 69. மிச்ச காசில் என்ன வாங்கினான் என்று கேட்டேன், இன்னொரு கேம்.

ஊருக்குப் போகும்போது

ஒரு மாதம் லேப்டாப்பை எடுக்கப்போவதில்லை என்றால் ஜன்னலோர மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். துடைத்து, பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பூட்டுங்கள். செருப்புப் பெட்டியில் வருகிற பொட்டலங்கள்தான், சேர்த்து வையுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் வாரத்துக்கு அரைமணி நேரம் ஆன் செய்து ஓடவிடச் சொல்லுங்கள். உள்ளே சேர்ந்த ஈரம் அந்தச் சூட்டில் காயும்.

திரும்பி வந்து திறக்கும்போது டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிமூடி ஒரு பக்கம் பிதுங்கி லேப்டாப் மேசையில் ஆடினாலோ, பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். அப்படியே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.